செத்த பாம்பை அடிக்கலாமா?

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை நம் சங்க உறுப்பினர்கள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பொங்கல் விழாச் சாப்பாட்டுக் கூப்பன் வழங்கிய நாள் அது. காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பகல் ஒன்றரை மணி வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதன்பின் கம்ப்யூட்டர் அசையவில்லை. ரசீது வரவில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்களும் வயதானவர்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். "நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்த காலத்தில் இந்தத் தொல்லை உண்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான்.

அன்று அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் காலனிப் பையன். "எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டான்" என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். தவறு யாருடையது என்பது அன்று இரவு பத்து மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. தவறைச் சொல்வதோடு, அதன் பின்னால் உள்ள கம்ப்யூட்டர் விஷயத்தையும் எல்லோருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் புனேயிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு போன் வந்து எழுந்து உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள் என்று பெற்றோருக்குக் கொஞ்சமாவது தெரியட்டுமே!

புத்தகமும் அடுப்பும்

யூனிக்ஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்திச் செல்லும் ஓர் அடிப்படை ஏற்பாடு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் இதைத் தொடங்கினார்கள். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அதே முறையைப் பின்பற்றும் லினக்ஸை எழுதி வெளியிட்டார். இன்று பெரிய நிறுவனங்களின் சர்வர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் லினக்ஸ்தான். உங்கள் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் லினக்ஸ்தான். காசு கொடுக்க வேண்டாம் என்பதால் நம் சங்கத்தின் பழைய கம்ப்யூட்டரிலும் அதையே போட்டிருக்கிறோம்.

இதில் இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். புரோகிராம் வேறு, ப்ராஸஸ் வேறு. சமையல் புத்தகத்தில் சாம்பார் வைக்கும் முறை அச்சாகியிருக்கிறதே, அது புரோகிராம். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பார் ப்ராஸஸ். ஒரே புத்தகத்தைப் பார்த்து நாலு வீட்டில் சாம்பார் வைத்தால் நாலு ப்ராஸஸ்.

ஒவ்வொரு ப்ராஸஸுக்கும் ஓர் எண் உண்டு. எந்த ப்ராஸஸும் தானாகப் பிறப்பதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று ஃபோர்க் என்ற அழைப்பின் மூலம் தன்னிலிருந்து ஒரு கிளையைப் பிரிக்கிறது. பிரித்தது தகப்பன், பிரிந்தது பிள்ளை. இப்படியே வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனால் ஒன்றாம் எண் ப்ராஸஸில் போய் நிற்கும். இதற்கு இனிட் என்று பெயர். குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா மாதிரி.

பிள்ளை தன் வேலையை முடித்ததும் எக்ஸிட் என்ற அழைப்பைச் செய்து, 0 முதல் 255க்குள் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. இந்த எண்ணைத் தகப்பன் வெயிட் என்ற அழைப்பின் மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவுடன் அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும். வேலை முடிந்து, ஆனால் தகப்பன் இன்னும் கேட்டு வாங்காமல் இருக்கும் இடைப்பட்ட நிலைக்கு டிஃபங்க்ட் என்று பெயர். பேச்சு வழக்கில் ஜாம்பி என்பார்கள். தமிழில் நடைப்பிணம் எனலாம்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்த நடைப்பிணம் நடப்பதும் இல்லை, யாரையும் கடிப்பதும் இல்லை. அது வைத்திருந்த நினைவக இடம் முழுவதும் திருப்பித் தரப்பட்டுவிட்டது. திறந்திருந்த ஃபைல்கள் மூடப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே. அதன் எண், அது விட்டுச் சென்ற முடிவு, அது எவ்வளவு நேரம் உழைத்தது என்ற கணக்கு, அவ்வளவுதான்.

டோக்கன் திரும்பாத செக்ஷன்

நான் 1981இல் டிப்ளமோ முடித்து ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றவன். அதனால் எனக்கு எதையும் ரயில்வே வழியாகப் பார்த்தால்தான் விளங்குகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள ஒற்றைப் பாதையை பிளாக் செக்ஷன் என்போம். ஒரு சமயத்தில் அதில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அந்தக் காலத்தில் இரண்டு ஸ்டேஷனிலும் நீல்ஸ் டோக்கன் கருவி இருக்கும். எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் தந்தால்தான் கருவியிலிருந்து பந்து போன்ற ஒரு டோக்கன் வெளியே வரும். அதைக் கையில் வாங்கிய பிறகே டிரைவர் வண்டியை எடுப்பார். அடுத்த ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றதும், கடைசிப் பெட்டியின் பின்னால் அதற்குரிய பலகையோ விளக்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி முழுமையாக வந்துவிட்டது, நடுவில் பெட்டி எதுவும் அறுந்து நிற்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிறகு டோக்கனைக் கருவியில் போட்டு, மணியடித்துப் பின் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அப்போதுதான் கருவியின் முள் 'லைன் குளோஸ்டு' நிலைக்குத் திரும்பும். அடுத்த வண்டிக்கு வழி பிறக்கும்.

இப்போது ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். வண்டி வந்து சேர்ந்துவிட்டது. பயணிகள் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். எஞ்சினும் ஷெட்டுக்குப் போய்விட்டது. ஆனால் டோக்கன் மேஜை மேல் கிடக்கிறது, கருவியில் போடவில்லை. தண்டவாளத்தில் ஒரு தள்ளுவண்டி கூட இல்லை. ஆயினும் கருவி 'வண்டி வந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டும். அடுத்த வண்டி வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

இதுதான் டிஃபங்க்ட் ப்ராஸஸ். இல்லாத வண்டிக்குச் சிவப்புக் கொடி காட்டி என்ன பயன்? டோக்கனைப் போட வேண்டியவரைத் தேடிப் போக வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. ரயில்வேயில் ஒரு டோக்கன் போடாவிட்டாலே பாதை அடைபட்டு உடனே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. லினக்ஸில் நீண்ட காலமாக வழக்கத்தில் இருந்த மேல் எல்லை 32,768. 64 பிட் கம்ப்யூட்டர்களில் அதை 41,94,304 வரை உயர்த்த முடியும். இவ்வளவு இடம் இருப்பதால் ஒன்றிரண்டு நடைப்பிணங்கள் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. அங்கேதான் ஆபத்து.

அந்த ஒரு வரி எதற்கு?

"வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரே பெயரை அடித்துவிட்டுப் போகலாமே, தகப்பன் வந்து கேட்கும் வரை ஏன் வைத்திருக்க வேண்டும்?" என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி.

மகனைக் கடைக்கு அனுப்புகிறோம். பொருள் கிடைத்ததா இல்லையா என்று அவன் வந்து சொல்லாவிட்டால் அடுத்த வேலையை எப்படித் தொடங்குவது? பிள்ளை வெற்றியோடு முடித்ததா, தோற்றுப் போய் முடிந்ததா என்பது தகப்பனுக்குத் தெரிய வேண்டும். தகப்பன் வேறு வேலையில் இருக்கும்போது பிள்ளை முடிந்துவிட்டால், அந்தச் செய்தி காணாமல் போகாமல் யாராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அந்த ஒரு வரி. இன்னொரு காரணமும் உண்டு. பெயரை அடித்துவிட்டால் அந்த எண் வேறொரு ப்ராஸஸுக்குப் போகலாம். பிறகு தகப்பன் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் யாரோ ஒருவருடைய கதை வந்து சேரும்.

ஆகவே டிஃபங்க்ட் நிலை என்பது நோய் அல்ல. எந்தப் பிள்ளையும் கணக்குச் சொல்லாமல் மறையக் கூடாது என்ற ஒழுங்கு அது. எல்லா ப்ராஸஸும் ஒரு கண நேரமாவது அந்த நிலையைத் தாண்டித்தான் போகின்றன. நீண்ட நேரம் அப்படியே கிடந்தால்தான் தகப்பன் தன் கடமையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அன்று நடந்தது

இனி என் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற 2020இல் ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தபோது லினக்ஸும் புரோகிராம் எழுதுவதும் கற்றுக்கொண்டேன். சங்கத்துக்கு ரசீது போடும் புரோகிராமை நானே எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பிரிண்டரில் காகிதம் இருக்கிறதா, தயாராக இருக்கிறதா என்று பார்த்து வர அந்த புரோகிராம் 5 விநாடிக்கு ஒரு பிள்ளை ப்ராஸஸை அனுப்பும். பிள்ளை பார்த்து, ஒரு சிறிய ஃபைலில் 'தயார்' என்று எழுதிவிட்டு முடிந்துவிடும். என் புரோகிராம் அந்த ஃபைலைப் படித்துக்கொள்ளும். பிள்ளையிடம் வெயிட் என்று கேட்கும் வரியை நான் எழுதவில்லை. தகவல்தான் ஃபைலில் கிடைத்துவிட்டதே என்ற நினைப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 விநாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 12, மணிக்கு 720. சங்க அலுவலகம் வழக்கமாக மாலை 5 முதல் 9 வரை, நாலு மணி நேரம். அதாவது 2,880 நடைப்பிணங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பயனருக்கு 4,000 ப்ராஸஸ் என்று வரம்பு வைத்திருந்தோம். நடைப்பிணமும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவதால் மறுநாள் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடக்கம். இப்படியே இரண்டு வருடம் என் தவறு வெளியே தெரியாமல் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். 4,000ஐ 12ஆல் வகுத்தால் 333 நிமிடம். ஐந்தரை மணி நேரம். சரியாக ஒன்றரை மணிக்குக் கதவு மூடியது. புதிய பிள்ளையைப் பிரிக்க முடியவில்லை, அதற்குரிய வளம் தற்போது இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது.

நான் என்ன செய்தேன்? பையன் காலையிலேயே டாப் என்ற கட்டளையை ஒரு ஜன்னலில் ஓட விட்டிருந்தான். அதில் வரிசையாக நடைப்பிணங்கள் தெரிந்தன. கில் என்ற கட்டளையில் 9ஆம் எண் சிக்னலை வைத்து ஒவ்வொன்றாக அடித்தேன். 9 என்பது எந்த ப்ராஸஸும் தடுக்க முடியாத பிரம்மாஸ்திரம். பத்துப் பதினைந்து தடவை அடித்தும் ஒன்றும் அசையவில்லை. செத்த பாம்பை அடிப்பது என்பார்களே, அதுதான். உயிரோடு இருப்பதைத்தான் கொல்ல முடியும். ஏற்கெனவே முடிந்து போனதிடம் எந்தச் சிக்னலும் செல்லாது.

வரிசையில் சத்தம் அதிகமானது. பையனைப் பார்த்து, "என்னடா அமுக்கின?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நான் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

அதுதான் இரண்டாவது தவறு. 20 ரசீது சேர்ந்ததும் ஒரு தடவை வட்டில் எழுதும்படி அந்த புரோகிராமை அமைத்திருந்தேன். அந்த நேரத்தில் 14 ரசீதுகள் நினைவகத்தில் மட்டும் இருந்தன. அவை போய்விட்டன. மாலையில் பொருளாளர் எண்ணிப் பார்த்தபோது கணக்கைவிடப் பணம் அதிகமாக இருந்தது. குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு என்பது பண விஷயம். அந்த 14 பேர் யார் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அறிவித்து, ரசீதைப் பார்த்துப் பார்த்து மூன்று நாளில் 13 பேரைக் கண்டுபிடித்தோம். பதினான்காவது, தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மாள். வாட்ஸ்அப் இல்லாதவர். யாரோ சொல்லி விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. விழா அன்று, சாப்பாடு இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று ரசீதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து நின்றார். "நான் பணம் கட்டிட்டேன் தம்பி" என்று என்னிடம் முடிச்சை அவிழ்த்துக் காட்டியபோது எனக்குத் தலைநிமிர முடியவில்லை.

இரவு பத்து மணி

கம்ப்யூட்டர் நின்ற அன்று இரவு அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், நான் எதையும் அமுக்கல. காலைல பத்து மணிக்கே பார்த்தேன். ஜாம்பி ஆயிரத்து நானூறைத் தாண்டிடுச்சு. உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க கூப்பன் கட்டை எண்ணிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் பார்க்கலாம் போன்னு சொல்லிட்டீங்க."

எனக்கு நினைவு வந்தது. சொல்லியிருந்தேன்.

பிள்ளை ப்ராஸஸ் முடிந்ததும் தகப்பனுக்கு ஒரு சிக்னல் போகும். ஸிக்சைல்டு என்று அதற்குப் பெயர். தகப்பன் அதைக் கவனிக்கும்படி எழுதப்படாவிட்டால் அது காதில் விழாமலே போய்விடும். அன்று என் புரோகிராமுக்குக் காலையிலிருந்து நாலாயிரம் தடவை அந்த மணி அடித்திருக்கிறது. எனக்கு ஒரு தடவை அடித்தது. இரண்டு பேரும் கேட்கவில்லை.

இருவரும் சங்கத்துக்குப் போய் புரோகிராமை மீண்டும் ஓட விட்டுப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் 120 நடைப்பிணங்கள். அத்தனைக்கும் தகப்பன் எண் ஒன்றே. அது என் புரோகிராமின் எண்.

கண்டுபிடிப்பது எப்படி?

இந்தத் துறையில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகளுக்கு உதவியாக, அன்று கற்றுக்கொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் எண்ணிக்கை. டாப் கட்டளையின் மேல் பகுதியில் எத்தனை ஜாம்பி என்று தெரியும். ஒன்றிரண்டு தோன்றி மறைந்தால் கவலை வேண்டாம். பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கூடிக்கொண்டே போனால்தான் விஷயம்.

இரண்டாவது, பி.எஸ். கட்டளையிடம் நாலு பத்திகளைக் கேளுங்கள்: ப்ராஸஸ் எண், தகப்பன் எண், நிலை, கட்டளையின் பெயர். நிலைப் பத்தியில் ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்தான இசட் இருந்தால் அது நடைப்பிணம். பெயருக்கு அருகில் டிஃபங்க்ட் என்றும் இருக்கும்.

மூன்றாவது, பிள்ளையின் எண்ணை விட்டுவிட்டுத் தகப்பன் எண்ணைப் பாருங்கள். பத்து நடைப்பிணங்களுக்கும் ஒரே தகப்பன் என்றால் குற்றவாளி அகப்பட்டான்.

நான்காவது, தகப்பனின் நிலை என்ன என்று பாருங்கள். டி என்ற எழுத்துக்களில் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. டீ குடிக்கும் டீயின் முதல் எழுத்து இருந்தால் யாரோ அதை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நிற்பவன் எப்படிப் பிள்ளையை விசாரிப்பான்? அதைத் தொடரச் சொல்லும் சிக்னலை அனுப்பினால் போதும். டில்லியின் முதல் எழுத்து இருந்தால் அந்த ப்ராஸஸ் வட்டையோ நெட்வொர்க் ஃபைலையோ எதிர்பார்த்து மாட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் 9ஆம் சிக்னலுக்கு உடனே மசியாது. ஆனால் அது உயிரோடு இருக்கிறது. நடைப்பிணத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது. அங்கே வட்டையும் இணைப்பையும் பரிசோதிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

தகப்பனுக்கு ஸிக்சைல்டு சிக்னலை நாமே ஒரு தடவை அனுப்பிப் பார்க்கலாம். சில சமயம் விழித்துக்கொள்ளும். என் புரோகிராம் போல அதைக் கவனிக்கவே எழுதப்படாத ஒன்றாக இருந்தால் பயன் இராது.

அப்போது தகப்பனையே நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். தகப்பன் போய்விட்டால் பிள்ளைகள் அநாதையாகிவிடும். அநாதைகளை ஒன்றாம் எண்ணான இனிட் தத்தெடுத்துக்கொள்ளும். தத்தெடுத்தவற்றின் கணக்கைத் தவறாமல் கேட்டு வாங்கிப் பெயரை அடிப்பது அதன் வேலை. நாலாயிரம் நடைப்பிணங்களும் கண நேரத்தில் மறைந்துவிடும். நிறுத்தும்போது 9ஐ எடுக்காதீர்கள். 15ஆம் எண் சிக்னல், முடிக்க வேண்டியதை முடித்துவிட்டுக் கிளம்பு என்று மரியாதையாகச் சொல்வது. வேடிக்கை என்னவென்றால், 15 வந்தால் கையில் உள்ள ரசீதுகளை வட்டில் எழுதிவிட்டு முடியும்படி என் புரோகிராமில் நானே வழி செய்திருந்தேன். வழக்கமான ஷெல்லில் கில் கட்டளை ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. புதிய ப்ராஸஸ் பிரிக்க முடியாத நிலையிலும் அது வேலை செய்யும். பிள்ளைகளை அடித்த அதே கட்டளையைத் தகப்பன் எண்ணுக்கு ஒரு தடவை அனுப்பியிருந்தால் 14 ரசீதும் தப்பியிருக்கும். அந்த அம்மாள் முடிச்சை அவிழ்த்திருக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது வைத்தியம் அல்ல, நோயை மூடி மறைப்பது. இரண்டு வருடம் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது கன்டெய்னர் என்ற முறை பெருகிவிட்டது. ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். பெட்டிக்குள் நம் புரோகிராமே ஒன்றாம் எண்ணாக இருக்கும். கொள்ளுத்தாத்தாவின் பொறுப்பு தனக்கு வந்திருப்பது அதற்குத் தெரியாது. அதனால் அங்கே நடைப்பிணங்கள் சேர்வது சகஜம். டாக்கர் என்ற கருவியில் 2017இல் வந்த 1.13ஆம் பதிப்பு முதல், இனிட் வேலையைச் செய்ய ஒரு சிறிய ப்ராஸஸை முன்னால் வைக்கச் சொல்லும் வசதி உண்டு. பிள்ளைகள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு மணியில் இரண்டு வண்டி

நிரந்தரத் தீர்வு புரோகிராமில்தான். மறுநாளே திருத்தினேன். ஸிக்சைல்டு வந்ததும் வெயிட் என்று ஒரு தடவை கேட்கும்படி எழுதினேன். நாள் முழுதும் ஓட விட்டால் நூற்றுக்கணக்கில் இல்லை, ஆனாலும் மூன்று நாலு நடைப்பிணங்கள் கிடந்தன. எனக்குப் புரியவில்லை.

பையன்தான் சொன்னான். "அங்கிள், ஒரு சிக்னல் காத்துக்கிட்டு இருக்கும்போது அதே சிக்னல் இன்னொண்ணு வந்தா ரெண்டும் சேர்ந்து ஒண்ணாயிடும். வரிசையில நிக்காது."

அதாவது பிரிண்டரைப் பார்க்கப் போன பிள்ளையும் ரசீது அச்சிடப் போன பிள்ளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிந்தால், மணி ஒரு தடவைதான் கேட்கும். நான் ஒருவனை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மற்றவன் அப்படியே நின்றான். ஸ்டேஷனில் மணி ஒன்றுக்கு வண்டி ஒன்று என்றே நாற்பது வருடம் பழகிய புத்தி. இங்கே அப்படி இல்லை. மணி கேட்டால், "இன்னும் யாராவது உண்டா, இன்னும் யாராவது உண்டா?" என்று, ஒருவரும் இல்லை என்ற பதில் வரும் வரை கேட்க வேண்டும். வெயிட்பிட் என்ற அழைப்பில், யாரும் இல்லாவிட்டால் காத்து நிற்காமல் திரும்பி வா என்று சொல்லும் வசதி இருக்கிறது. அதை ஒரு சுற்றுக்குள் வைத்து அவன் நாலு வரியில் எழுதிக் கொடுத்தான். பிள்ளைகளின் முடிவு நமக்கு வேண்டவே வேண்டாம் என்றால், ஸிக்சைல்டைப் புறக்கணிக்கிறேன் என்று புரோகிராமில் வெளிப்படையாக எழுதிவிடலாம். அப்போது லினக்ஸே பெயரை அடித்துவிடும். சும்மா இருப்பது வேறு, வேண்டாம் என்று சொல்லிவிடுவது வேறு. ஆனால் அச்சடிக்கும் பிள்ளை வெற்றியோடு முடிந்ததா என்பது நமக்கு வேண்டும் என்பதால் கேட்டு வாங்கும் வழியையே வைத்துக்கொண்டோம்.

2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அந்தக் கம்ப்யூட்டர் மூன்று நாள் அணைக்கப்படாமல் ஓடியது. கூப்பன் மேஜையில் அதே பையன்தான் உட்கார்ந்தான். முதலில் வர மறுத்தான். அவன் அம்மாவும் தயங்கினார். நானும் பொருளாளரும் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டோம். எல்லோர் முன்னிலையிலும் திட்டியவன், மன்னிப்பை மட்டும் தனியாக வீட்டு வராந்தாவில் கேட்பது முறையல்ல என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கடனை இந்தப் பக்கத்தில் தீர்க்கிறேன். அன்று தவறு அவனுடையது அல்ல, என்னுடையது.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு மேஜை அருகே போய் நின்றேன். கேட்காமலே அவன் திரையை என் பக்கம் திருப்பினான். ஜாம்பி என்ற சொல்லுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தது.